கடவுச்சீட்டும் காகித விமானமும்

ஒரு பாட்டு எந்த மக்களின் அனுபவத்திலிருந்து முளைக்கிறதோ அம்மக்களின் வரலாறு அதனுள் அடங்கியிருக்கிறது. நாட்டார் பாடல்களைப் பொறுத்தவரை இவ்வுண்மையை நாம் எளிதில் ஒப்புக்கொள்கிறோம். அம்பாப் பாட்டில் கடற்றொழிலாளியின் மூச்சைக் கேட்கிறோம். மலையகத் தோட்டப் பாடல்களில் கங்காணியின் பிரம்படியைக் கேட்கிறோம். ஆனால் மின்கிற்றாரும் டிரம்மும் முழங்கும் மேல்நாட்டு றொக் இசை என்றதும், செல்வம் கொழித்த நாட்டு இளைஞரின் கூச்சல் என்று கூறிக் காதைப் பொத்திக்கொள்கிறோம். இது நியாயமாகாது. அந்த இசையிலும் உழைப்பவனின் குரல் உண்டு. ஊரை இழந்தவனின் குரல் உண்டு. அதைவிட வியப்புக்குரிய செய்தி, அக்குரல்களுள் ஒன்று யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தியின் குரல் என்பது. 1982இல் லண்டன் றொக் குழுவொன்று பாடிய பாட்டு, கால் நூற்றாண்டு கழித்து அத்தமிழ்ப் பெண்ணின் கையில் புதுப்பாட்டாகி உலகைச் சுற்றியது. அந்த இரு பாடல்களின் கதையே இக்கட்டுரையின் பொருள்.

இக்கதையை அனலைதீவிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். யாழ்ப்பாணத் தீவுகளைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அவற்றுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. பனையும் புகையிலைத் தோட்டமும் கடலும் தவிர வேறறியாத சிறு தீவொன்று, எங்கோ ஒரு வரைபடக் காகிதத்தில், ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றின் பெயரைத் தாங்கி நின்றது. அத்தீவு மக்களை எவரும் கேட்கவில்லை. காகிதத்தை வைத்திருப்பவனே பெயரிடும் உரிமையையும் வைத்திருந்தான்.

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறியே இன்றும் அனலைதீவுக்குச் செல்லவேண்டும். அந்தத் தீவாருக்குக் கடல் நெடுங்காலம் வேலியாக இருந்ததில்லை. அது வழியாகவே இருந்தது. தீவுப்பகுதி மக்கள் தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்தனர். யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் பிரித்தானியர் ஆட்சியில் மலாயாவுக்குக் கப்பலேறினர். பேரரசுக்கு அவர்களின் உழைப்புத் தேவைப்பட்டபோது கதவுகள் திறந்திருந்தன. தேவை தீர்ந்தபின், உயிரைக் காக்க ஓடிவந்தவர்களிடம் அதே கதவுகள் காகிதம் கேட்டன. அனலைதீவின் பிள்ளைகள் பலர் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். ஒல்லாந்தர் ரொட்டர்டாம் என்று அழைத்த தீவில் பிறந்த ஒருவன் உண்மையான ரொட்டர்டாமின் வாயிலில் நின்றால், உன் கடவுச்சீட்டு எங்கே என்ற கேள்வியே அவனை வரவேற்கும். நாம் பேசப்போகும் பாடல்கள் இந்தக் கேள்வியைப் பற்றியவை.

* * *

1976இல் லண்டனில் 'கிளாஷ்' என்னும் இசைக்குழு தோன்றியது. ஜோ ஸ்ட்ரமர், மிக் ஜோன்ஸ், போல் சைமனன் ஆகியோர் அதன் தூண்கள். சிறிது காலத்தில் டிரம் இசைஞர் ரொப்பர் ஹெடன் சேர்ந்தார். பிற்காலத்தில் 'பங்க்' என வழங்கிய முரட்டு இசையின் முன்னோடிகளுள் இக்குழுவும் ஒன்று. ஸ்ட்ரமர் ஏழைக் குடியிற் பிறந்தவரல்லர். துருக்கித் தலைநகர் அங்காராவில், பிரித்தானிய வெளிநாட்டுச் சேவை அலுவலர் ஒருவரின் மகனாகப் பிறந்து, விடுதிப் பள்ளியிற் படித்தவர். வர்க்க மூலம் ஒருவரின் நிலைப்பாட்டை முற்றாகத் தீர்மானித்துவிடுவதில்லை என்பதற்கு அவரும் ஓர் எடுத்துக்காட்டு.

அக்காலப் பிரித்தானியா எப்படி இருந்தது? இரண்டாம் உலகப் போரின் பின் தன் தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பேருந்துகளுக்கும் ஆள் போதாமல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியா, பாகிஸ்தான் நாடுகளிலிருந்தும் தொழிலாளரை அது வரவேற்றது. 1948ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் குடியேற்ற நாட்டு மக்களுக்கு அந்நாட்டில் நுழையும் உரிமையை உறுதிசெய்தது. பின்னர் 1962, 1968, 1971 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்கள் அவ்வுரிமையைப் படிப்படியாக அரிந்தன. ஏனொக் பவல் 1968இல் நிகழ்த்திய உரை, வேலையின்மைக்கும் வீட்டுப் பஞ்சத்துக்கும் குடிவந்தவனே காரணம் என்ற நஞ்சை அரங்கேற்றியது. எழுபதுகளில் 'நாஷனல் பிரண்ட்' என்னும் இனவாதக் கட்சி தெருக்களில் அணிவகுத்தது.

இதற்கெதிராக எழுந்ததே 'இனவாதத்துக்கு எதிரான றொக்' என்னும் இயக்கம். 1976இல் மேடையொன்றில் எரிக் கிளப்டன் என்ற பெயர்பெற்ற கிற்றார் இசைஞர் பவலை ஆதரித்துப் பேசியமையே இதன் உடனடித் தூண்டுகோல். 1978 ஏப்ரல் 30ஆம் நாள் டிரபல்கார் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியாப் பூங்காவரை பல்லாயிரவர் நடந்தனர். அங்கு அமைந்த மேடையில் கிளாஷ் குழுவும் பாடியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சவுத்ஹோலில் நாஷனல் பிரண்டுக்கு எதிராக நடந்த ஆர்ப்பாட்டத்தில் பிளேர் பீச் என்ற பள்ளி ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். அவரை அடித்தவர் பொலிஸ்காரர் ஒருவராகவே இருக்கவேண்டும் என்பதைக் காட்டிய உள்விசாரணை அறிக்கை 2010இல்தான் வெளியிடப்பட்டது. மாணவருக்கு நீதி கற்பித்தவருக்கு நீதி கிடைக்க முப்பதாண்டுகளுக்கு மேலாயின. அதுவும் அரைகுறையாகவே கிடைத்தது.

இச்சூழலை மனத்திற் கொண்டால்தான் 1982 மே மாதம் வெளியான 'கொம்பாட் றொக்' என்னும் இசைத்தட்டில் இடம்பெற்ற 'ஸ்ட்ரெய்ற் டு ஹெல்' என்ற பாட்டு விளங்கும். 'நேரே நரகத்துக்கு' என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். 1981 முடிவடையும் நாட்களில் நியூயோர்க்கில் அது உருவாயிற்று. அவ்வேளையில் பிரித்தானிய எஃகுத் தொழில் சரிந்துகொண்டிருந்தது. 1980இன் தொடக்கத்தில் எஃகுத் தொழிலாளர் பதின்மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில், ஓர் ஊரே நம்பியிருந்த கொன்செற் எஃகாலை மூடப்பட்டது. 1982 ஜனவரியில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியது.

பாட்டின் முதற்பகுதி, ஆலைகள் துருப்பிடிக்கும் வடபுல நகரங்களையும், அங்கு இனி உனக்கு இடமில்லை என்று விரட்டப்படும் குடியேறியவனையும் காட்டுகிறது. அடுத்த பகுதி வியட்நாமுக்குச் செல்கிறது. அமெரிக்கப் படைவீரன் ஒருவனுக்கு வியட்நாமியத் தாய் பெற்ற பிள்ளை, தந்தையின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு தன்னை அழைத்துச் செல்லும்படி வேண்டுகிறது. தந்தையின் நாடு அப்பிள்ளையை ஏற்பதாயில்லை. இத்தகைய பிள்ளைகளுக்குப் பரவலாக வழி திறந்த அமெரிக்கச் சட்டம் 1987இல்தான் வந்தது. பின்னர் பாட்டு நியூயோர்க்கின் வறிய குடியேற்றத் தெருக்களுக்கு வருகிறது. இறுதியில், இது எந்த நாட்டு எல்லையிலும் நடக்கக்கூடியதே என்று பொதுமைப்படுத்தி முடிகிறது.

இசையும் பொருளுக்கேற்ப அமைந்தது. கோபப் பாட்டுகளுக்குப் பெயர்போன அக்குழு இங்குக் கூச்சலிடவில்லை. ஹெடனின் கொட்டு தென்னமெரிக்கத் தாளத்தின் சாயலில் மெல்ல உருள்கிறது. தொடக்கத்தில் வரும் கிற்றார் ஒலி, வெறிச்சோடிய துறைமுகத்தில் எங்கோ தூரத்தில் ஒலிக்கும் கப்பலின் ஊதல்போல் ஏங்குகிறது. அந்தச் சிறு ஒலித்துண்டைக் கால் நூற்றாண்டின்பின் ஒரு தமிழ்ப் பெண் கையிலெடுக்கவிருந்தாள்.

* * *

லண்டனில் அப்பாட்டு பிறந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தவை நாம் அறிந்தவை. 1981 ஜூன் முதல் நாள் பொது நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் தென்னிலங்கைத் தமிழர் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். 1985 மே 14ஆம் நாள் அநுராதபுரத்தில் சிங்களப் பொதுமக்கள் நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். மறுநாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' படகை நடுக்கடலில் மறித்த கடற்படையினர் பெண்களும் குழந்தைகளுமாக அதிற் சென்றவர்களைக் கொன்றனர். தீவுப்பகுதி மக்களுக்குக் கடல் வழியாக இருந்த காலம் அன்றோடு முடிந்தது என்று சொல்லலாம்.

அதே மே மாத இறுதியில் பிரித்தானிய அரசு ஒரு முடிவெடுத்தது. இலங்கையர் இனிமேல் விசா பெற்றே அந்நாட்டுக்குள் நுழையலாம் என்று அறிவித்தது. பொதுநலவாய நாடொன்றின் மக்கள்மீது அத்தகைய கட்டுப்பாடு விதிக்கப்பட்டது அதுவே முதன்முறை. குமுதினியின் இரத்தம் காய்வதற்குள் கதவு சாத்தப்பட்டது. உயிருக்கு அஞ்சி ஓடுகிறவன் தன்னைத் துரத்தும் அரசிடமே கடவுச்சீட்டுப் பெற்று, அந்நிய அரசின் தூதரகத்தில் வரிசையில் நின்று, தான் அகதி என்பதை மறைத்து உல்லாசப் பயணி என்று கூறி விசா பெறவேண்டும். பின்பு போய் இறங்கியதும், பொய் சொன்னவன் என்று குற்றஞ்சாட்டப்படவேண்டும். சட்டமே பொய்யை உண்டாக்கிவிட்டு அப்பொய்யைத் தண்டித்தது.

1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர் புகலிடம் கேட்டனர். திருப்பியனுப்பப்படவிருந்த வேளையில் அவர்கள் விமானத் தளத்திலேயே மேலாடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினர். மானத்தை உயிரினும் பெரிதெனக் கற்பிக்கப்பட்ட சமூகத்தினர், உயிரைக் காக்க உலகின்முன் உள்ளாடையோடு நின்றனர். அரசு உடனே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. தக்க காகிதமில்லாத பயணி ஒருவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனம் ஆயிரம் பவுண் தண்டம் செலுத்தவேண்டும் என்பது அதன் சாரம். இவ்வாறு எல்லைக் காவலன் வேலை, பயணச்சீட்டு விற்கும் எழுத்தரின் தலையில் கட்டப்பட்டது. அதே ஆண்டில் 'ஏர்ல் வில்லியம்' என்னும் பழைய பயணிகள் கப்பல் ஹாரிச் துறைமுகத்தில் மிதக்கும் சிறையாக்கப்பட்டது. அதில் அடைக்கப்பட்டோரில் பெரும்பாலோர் தமிழர். அக்டோபர்ப் பெரும்புயலில் அக்கப்பல் கட்டறுத்துக்கொண்டு மிதந்தபின்னரே அவர்கள் வெளியே விடப்பட்டனர். அரசு காட்டாத இரக்கத்தைப் புயல் காட்டிற்று.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. 1986 ஆகஸ்டில் இரு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் அத்திலாந்திக் கடலில் தத்தளித்தனர். கனடாவின் நியூபவுண்ட்லாந்து மீனவர் அவர்களைக் கண்டு மீட்டனர். அம்மீனவர் முதலிற் பார்த்தது நனைந்து நடுங்கும் மனிதரை. விசாவைப் பற்றிய கேள்விகள் கரையில் இருந்தவர்களுடையவை. கடலில் தவிப்பவனைத் தூக்கிவிடுவது அனலைதீவு மீனவனும் நியூபவுண்ட்லாந்து மீனவனும் ஒருங்கே அறிந்த அறம்.

* * *

அவ்வகதி அலையில் சென்ற குடும்பங்களுள் ஒன்று மாதங்கி அருள்பிரகாசத்தினுடையது. 1975 ஜூலையில் லண்டன் ஹவுன்ஸ்லோவிற் பிறந்த அவர், ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே வளர்ந்தார். தந்தை 'அருளர்' எனப்பட்ட அருள்பிரகாசம், 1975இல் லண்டனில் தோன்றிய ஈழப் புரட்சி அமைப்பின் நிறுவுநர்களுள் ஒருவர். அவர் எழுதிய நாவல் 'லங்காராணி'. 1977 வன்செயலில் வீடிழந்த தமிழரைக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ஏற்றிவந்த கப்பலே அந்நாவலின் களம். அகதிக் கப்பலைத் தந்தை எழுதினார். அகதியின் காகிதத்தை மகள் பாடினார். இந்தத் தொடர்ச்சியை நாம் கவனிக்கவேண்டும்.

தந்தையின் அரசியல் குடும்பத்துக்கு வாழ்வளிக்கவில்லை. தாய் கலா பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்திலும் சென்னையிலுமாக அலைந்து, 1986இல் லண்டனை அடைந்தார். தென்லண்டன் மிற்சம் பகுதியில், அரசு வறியவர்க்குக் கட்டிய குடியிருப்பொன்றில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. தாய் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். இனவாத வசவுகளுக்கிடையே வளர்ந்த சிறுமி, சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட கறுப்பின மக்களின் ஹிப்-ஹொப் இசையில் தன் மொழியைக் கண்டார். பின்பு சென்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியிற் பயின்று, 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரிற் பாடத் தொடங்கினார். போரிற் காணாமற்போனவரைக் குறிக்கும் இராணுவச் சுருக்கெழுத்து அது. லண்டனின் அக்ரன் பகுதியில் தாம் வாழ்ந்ததையும் வைத்துச் சிலேடையாக அப்பெயரை அவர் சூடிக்கொண்டார். காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 முதல் கிளிநொச்சித் தெருவில் அமர்ந்த தாய்மாரை எண்ணும்போது, அச்சிலேடை நமக்குச் சிரிப்பூட்டுவதில்லை.

முதல் இசைத்தட்டுக்குத் தந்தையின் இயக்கப் பெயரையே வைத்து 2005இல் 'அருளர்' என வெளியிட்டார். இரண்டாவதை அமெரிக்காவில் உருவாக்க எண்ணியிருந்தார். ஆனால் 2006இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. பெயர்பெற்ற பாடகியாயினும் குடிவரவு அலுவலரின் மேசைமுன் அவர் ஐயத்துக்குரியவரே. அந்த மறுப்பு அவருடைய இசையின் திசையை மாற்றிற்று. அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகவேண்டியவர், இந்தியா, டிரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று அலைந்தார். சென்னையில் உறுமியும் மேளமும் முழங்கப் பதிவுசெய்தார். நம் மேட்டுக்குடிச் சபாக்கள் வாயிலுக்கு வெளியே நிறுத்திவைத்த தோற்கருவியாகிய உறுமி, உலக நடன அரங்குகளில் ஒலிக்கத் தொடங்கியது. 2007 ஆகஸ்டில் வெளியான அவ்விசைத்தட்டுக்குத் தாயின் பெயரை வைத்தார்: 'கலா'.

அதில் இடம்பெற்றதே 'பேப்பர் பிளேன்ஸ்', அதாவது காகித விமானங்கள். அமெரிக்கரான டிப்ளோ என்பவரோடு சேர்ந்து அதை உருவாக்கினார். ஹிப்-ஹொப் இசையில் பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, அதையே சுழலவிட்டு, அதன்மேற் புதுப்பாட்டைக் கட்டுவது வழக்கம். இவர்கள் வெட்டியெடுத்தது 'ஸ்ட்ரெய்ற் டு ஹெல்' பாட்டின் அந்த ஏங்கும் கிற்றார் ஒலியை. அதனால் புதுப்பாட்டின் ஆசிரியர் வரிசையில் கிளாஷ் குழுவினர் நால்வரின் பெயரும் அருள்பிரகாசம் என்ற தமிழ்ப் பெயரோடு சேர்ந்து நிற்கின்றன. ஸ்ட்ரமர் அதைக் கேட்க உயிரோடிருக்கவில்லை. 2002 டிசம்பரில் அவர் காலமானார்.

பாட்டின் உள்ளடக்கம் எள்ளல். போலி விசா செய்து விற்பவன்போல் ஒரு குரல் வீம்பு பேசுகிறது. சிறுவர் குழுவொன்று பல்லவியைப் பாட, இடையிடையே துப்பாக்கி வேட்டும், தோட்டா ஏற்றும் ஓசையும், கடைப் பணப்பெட்டி திறக்கும் மணியும் கேட்கின்றன. இதைக் கேட்டு அஞ்சியவர் பலர். ஆனால் பாடகி தந்த விளக்கம் வேறு. நாள் முழுதும் வாடகைக் கார் ஓட்டிவிட்டு, இடிந்த அறைக்கு அலுத்துத் திரும்பும் குடியேறியவனைச் சமூகம் பெரும் ஆபத்தாகக் காண்கிறது. அவனுக்கோ வீடு சேர்ந்து தூங்கினாற் போதும். அந்த வேறுபாட்டைத்தான் பாடினேன் என்பது அவர் கூற்றின் சாரம். எங்களைக் கொள்ளைக்காரர் என்கிறீர்களா, சரி, அந்த வேடத்தையே போட்டுக் காட்டுகிறோம் என்னும் கூத்து இது. நம் கூத்துகளில் கட்டியக்காரன் அரசனின் முகத்துக்கெதிரே செய்யும் நையாண்டியை ஒத்தது.

ஸ்ட்ரமர் பாட்டில் குடியேறியவனைப் பற்றி மற்றொருவர் பேசினார். அது பரிவின் குரல். எம்.ஐ.ஏ. பாட்டில் குடியேறியவளே எழுந்து பேசுகிறாள். 1982இன் புலம்பல் 2007இல் கேலியாக மாறியதன் வரலாற்றுப் பொருள் இதுவே. புகைப்படத்தை நீட்டி ஏற்றுக்கொள்ளும்படி வேண்டிய பிள்ளை வளர்ந்து, காகிதத்தையே விமானமாக மடித்து எல்லைக்கு மேலால் எறிகிறது.

* * *

பாட்டு பெருவெற்றி பெற்றது. 2008 செப்டெம்பரில் அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடத்தை எட்டியது. 'ஸ்லம்டோக் மில்லியனர்' திரைப்படத்திலும் ஒலித்தது. ஆயினும் தொலைக்காட்சி நிறுவனங்கள் அதன் துப்பாக்கி ஓசையை மாற்றியே ஒளிபரப்பின. அந்நாட்களில் ஈராக்கில் உண்மைத் துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டிருந்தன. அவ்வோசை எவருடைய செவியையும் புண்படுத்தவில்லை. பாட்டிலிருந்த ஓசைதான் புண்படுத்திற்று!

2009 பெப்ரவரி 8ஆம் நாள், நிறைமாதக் கர்ப்பிணியாக எம்.ஐ.ஏ. கிராமி விருது விழா மேடையிற் பாடினார். அதே நாட்களில் வன்னியில் மக்கள் புதுக்குடியிருப்பிலிருந்து கடற்கரை நோக்கி நெருக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். ஒருபுறம் அரசின் எறிகணைகள். மறுபுறம் வெளியேற முயன்றோரைச் சுட்ட புலிகள். அப்போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்பதை மறுக்கவியலாது என ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் எழுதியது. எம்.ஐ.ஏ. தமக்குக் கிடைத்த மேடைகளில் இவ்வழிவைப் பற்றிப் பேசினார். அதற்காகப் பயங்கரவாதத்தின் ஆதரவாளர் என்ற பட்டமும் பெற்றார். அவருடைய அரசியற் கூற்றுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. புலிகளின் கொடுமைகளை அவர் போதிய அளவு பேசவில்லை என்ற விமர்சனம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் உலகம் காதை மூடியிருந்த வேளையில் அவர் வாயை மூடவில்லை.

இங்கே ஒரு வினா எழுகிறது. எதிர்ப்பை விற்பனைப் பண்டமாக்கும் முதலாளித்துவத்தின் ஆற்றலுக்கு இப்பாட்டும் இரையாகவில்லையா? வினா நியாயமானது. கிளாஷ் குழு பெரும் இசை நிறுவனமொன்றின் ஒப்பந்தத்திலேயே பாடியது. நிக்கரகுவாப் புரட்சியாளரின் பெயரைத் தாங்கி 1980இல் வெளியிட்ட 'சண்டினிஸ்டா' என்னும் மூன்று தட்டுத் தொகுதியைக் குறைந்த விலைக்கு விற்கவேண்டும் என்பதற்காகத் தம் உரிமத்தொகையில் ஒரு பகுதியை அவர்கள் விட்டுக்கொடுத்தனர். அதே குழுவின் மற்றொரு பாட்டு 1991இல் காற்சட்டை விளம்பரத்துக்குப் பயன்பட்டது. எம்.ஐ.ஏ.யின் பாட்டும் நகைச்சுவைப் படமொன்றின் முன்னோட்டத்தில் ஒலித்த பின்னரே பெருவாரியான அமெரிக்கரை எட்டியது. துப்பாக்கி ஓசைக்குப் பின் வரும் பணப்பெட்டி மணி இறுதியில் கம்பெனிக்காகவே அடித்தது என்று கூறினும் தவறில்லை. எனினும் சந்தை ஒரு பாட்டை விற்கலாம். அது எந்த அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதை அழித்துவிட முடியாது. அவ்வனுபவத்தை மீட்டெடுத்து விளக்குவது விமர்சகனின் கடமை. வகுப்பறையில் ஆசிரியரின் கடமையும் அதுவே.

* * *

காகிதத்தின் கொடுமையை மேல்நாட்டாரின் குற்றமாக மட்டும் கண்டு நாம் நிறைவுறலாகாது. 1985இல் யாழ்ப்பாணத்தவர் அனுபவித்ததை 1948இலேயே மலையகத் தொழிலாளர் அனுபவித்தனர். சுதந்திர இலங்கையின் முதற் செயல்களுள் ஒன்று, ஏறத்தாழ ஏழு இலட்சம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. தந்தையின் பிறப்பை நிறுவும் பத்திரம் எங்கே என்று, லயத்தில் பிறந்து கொழுந்துக் கூடையோடு வளர்ந்தவர்களிடம் சட்டம் கேட்டது. இடதுசாரிகள் எதிர்த்தனர், தமிழ்க் காங்கிரசும் எதிர்த்து வாக்களித்தது. ஆயின் அக்கட்சியின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் விரைவிலேயே அந்த அரசில் அமைச்சரானார். செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியை அமைத்தமைக்கு இதுவும் காரணம். 1964இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என ஒதுக்கியது. மனிதர் மூட்டைகளாக எண்ணப்பட்டனர். நாடற்றவராக எஞ்சியோரின் பிரச்சினைக்குச் சட்டத் தீர்வு 2003இல்தான் வந்தது. இத்தனை காலமும் யாழ்ப்பாணத்துச் சராசரி மனிதன் இதைத் தன் பிரச்சினையாக எண்ணினானா? அருளரின் அமைப்பு மலையக மக்களைத் தன் அரசியலின் நடுவில் வைக்க முயன்றது. அது விதிவிலக்காகவே நின்றது.

ஓடிப்போவதிலும் வர்க்கம் இருந்தது. காணியையும் நகையையும் விற்றுப் பயண முகவருக்குக் கொடுக்க முடிந்தவனே லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனான். ஒன்றுமில்லாதவன் மீன்பிடிப் படகில் இராமேஸ்வரக் கரையிறங்கி மண்டபம் முகாமை அடைந்தான். தமிழக முகாம்களிற் பிறந்து வளர்ந்த அவன் பிள்ளைகளைக் கேளுங்கள். 2019இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அயல்நாடுகளிலிருந்து வந்தோரில் முஸ்லிம்களை விலக்கி மற்றோருக்கு வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்த தமிழரை அதுவும் கணக்கில் எடுக்கவில்லை. அம்முகாம்களிலிருந்து எவரும் உலகப் பாடல் வரிசையில் நான்காம் இடத்தை எட்டவில்லை. அவர்களிடமும் பாட்டு இருக்கும், ஒலிவாங்கிதான் இல்லை.

எனவே இப்பாட்டின் கதையைத் தமிழ்ப் பெண்ணொருத்தி உலகப் புகழ் எய்திய பெருமைக் கதையாகச் சொல்லிக் கைதட்டி முடிப்பது அதைப் பாழாக்குவதாகும். எஃகாலை மூடப்பட்டதால் தெருவில் நின்ற ஆங்கிலத் தொழிலாளி, தந்தையற்ற வியட்நாமியப் பிள்ளை, கொழுந்து கிள்ளிய நாடற்ற தாய், ஏர்ல் வில்லியத்தில் அடைபட்ட தமிழன், மண்டபத்தில் காத்திருப்பவன் ஆகியோர் ஒரே சங்கிலியின் கண்ணிகள். மூலதனம் கடவுச்சீட்டின்றி உலகைச் சுற்றுகிறது. உழைப்பவன் மட்டும் ஒவ்வொரு வாயிலிலும் காகிதம் காட்ட வேண்டியிருக்கிறது. இதை உணர்த்தாத வரலாறு வெறும் ஆண்டுக் கணக்கு.

இன்று கடல்கடந்து வாழும் நம்மவருட் பலர், தமக்குப் பின்னால் வரும் சிரியனையும் சூடானியனையும் ரோஹிங்கியாவையும் பார்த்து, இவர்களால் நாடு கெடுகிறது என்று பேசத் தொடங்கிவிட்டனர். பவல் 1968இல் பேசிய அதே பேச்சு, தமிழ் நாவில்! கையில் காகிதம் வந்ததும் காகிதமற்ற காலம் மறந்துபோகிறது. கோடை விடுமுறைக்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்து அனலைதீவுக்குப் படகேறும் பிள்ளைகளுக்கு அவர்களின் பெற்றோர் கோயிலையும் வளவையும் காட்டுவர். அவர்கள் எந்தக் காகிதத்தோடு, எந்தப் பெயரில், எத்தனை எல்லைகளைத் தாண்டிப் போனார்கள் என்பதையும் கூடச் சொல்லவேண்டும். அதைக் கேட்டு வளரும் பிள்ளை, நாளை தன் வாயிலில் நின்று கதவைத் தட்டுபவனிடம் முதலில் காகிதம் கேட்காது.